ஐந்து சுத்தம்

“எனக்குக் குடிக்கப் பயமா இருக்கு, டீச்சர்” என்றார் கலியமூர்த்தி.

இப்படி ஒரு வார்த்தையைத் தன் புருஷன் வாயால் கேட்க மாட்டோமா என்று ஏங்கும் பெண்கள் ஊரில் எத்தனையோ பேர். ஆனால் கலியமூர்த்திக்குக் குடிப்பதுதான் வேலை. புதுச்சேரிக்கு மேற்கே ஏரிக்கரை ஓரமாக இருக்கும் சின்ன பியர் ஆலையில் ருசி பார்த்துச் சொல்கிறவர் அவர்.

அவருக்கு ருசி பார்க்கக் கற்றுக்கொடுத்த டீச்சர் மூக்கம்மாள் தலையைத் தூக்கவில்லை. கண்ணாடித் தம்ளர் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குரு என்றதும் தாடியையும் கமண்டலத்தையும் தேட வேண்டாம். இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்து நான்கு. குருவுக்குச் சொந்த ஊர் ராஜபாளையம். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இதையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்று, பிறந்த வாரமே மூக்கைக் குத்தி மூக்கம்மாள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எமன் விட்டுவைத்தான். இப்போது அந்த மூக்கை நம்பித்தான் ஆலை ஓடுகிறது.

“எப்ப இருந்து பயம், அண்ணாச்சி?”

“பன்னெண்டு நாளா.”

“எதுக்குப் பயம்?”



“சொல்லத் தெரியல, டீச்சர்.”

அது பொய். அவருக்கு நன்றாகத் தெரியும்.

*

கலியமூர்த்தி இருபத்தாறு வருடம் ஊதுபத்தி மாவு கலந்தவர். கண்ணை மூடிக்கொண்டே எது சந்தனம், எது வெறும் மரத்தூள் என்று சொல்லிவிடுவார். அந்தக் கம்பெனியை மூடியதும் நேரே இங்கே வந்து, “எனக்கு பியரைப் பத்திச் சொல்லிக் குடுங்க” என்று கேட்டார்.

மூக்கம்மாள் ஒரு மாதம் தண்ணீர் கொடுத்தார்.

தினமும் ஐந்து தம்ளர். எது எந்தக் குழாய்த் தண்ணீர் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாடம். “பியர் கம்பெனிக்குப் போயிட்டுப் பச்சத் தண்ணி குடிச்சிட்டு வர்றது ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்” என்று வீட்டில் மனைவி கேலி செய்தாள்.

இரண்டாம் மாதம் ருசி மேசையில் இடம் கிடைத்தது. மொத்தம் ஐந்து பேர். முதலில் டீச்சர். நடுவில் மூன்று பேர். கடைசியில் கலியமூர்த்தி. புது ஆளுக்குக் கடைசி இடம்தானே என்று அவரும் உட்கார்ந்துகொண்டார்.

டீச்சர் முகர்வார். ஒரு மடக்கு குடிப்பார். “சுத்தம்” என்பார், இல்லையென்றால் “சாக்கடை” என்பார். சுத்தம் என்றால் பாட்டிலுக்குப் போகும். சாக்கடை என்றால் நிஜமாகவே சாக்கடைக்குப் போகும். பிறகு மற்றவர்கள் வரிசையாகக் குடித்து, அவரவர் வார்த்தையைச் சொல்ல வேண்டும்.

அவரவர் வார்த்தை என்று பேர்தான். பந்தியில் பெரியவர் கை வைக்காமல் நாம் இலையைத் தொடுகிறோமா? அவர் ரசம் பிரமாதம் என்று சொன்ன பிறகு, உப்பு போதவில்லை என்று எந்தக் கடைசி இலைக்காரராவது சொல்லியிருக்கிறாரா? அந்த மரியாதையை அப்படியே பியர் மேசைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. தானாக வந்து உட்கார்ந்துவிட்டது.

முதல் வாரத்தில் ஒரே ஒரு தரம் கலியமூர்த்தி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். டீச்சர் சுத்தம் என்ற பியரை, “ஈரச் சாக்கு வாசன வருதுங்க” என்றார்.

ஈரச் சாக்கு அவர் நாற்காலிக்கு அடியிலேயே கிடந்தது.

நடுவிலிருந்த மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. கலியமூர்த்திக்கு அது தெரியாது, அவர் வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து டீச்சர் என்ன சொன்னாரோ அதுதான் அவர் சொல்வதும்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் மேசைக்கு வந்தது சிவப்பரிசி பியர். அதில் வடித்த கஞ்சி வாசனை கொஞ்சம் வரலாம். ரொட்டி வாசனை வரலாம். கலியமூர்த்தி தம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். பல் டாக்டர் அறைக்குள் நுழைந்தது போல இருந்தது. கிராம்புத் தைலம்.

அந்த வாசனை வந்தால் என்ன அர்த்தம் என்று மூக்கம்மாளே பாடம் எடுத்திருக்கிறார். வெளியிலிருந்து காட்டு ஈஸ்ட் ஏதோ புகுந்துவிட்டது. அது லேசில் அடங்குகிற ஜாதியில்லை. பியரைப் புளிக்கவைக்க ஆலை போடும் ஈஸ்ட் தின்று மிச்சம் வைத்த சர்க்கரையையும், மூடி போட்ட பாட்டிலுக்குள் உட்கார்ந்து தின்றுகொண்டே இருக்கும். தின்னத் தின்ன உள்ளே வாயு ஏறும். ஒருநாள் பாட்டில் வெடிக்கும்.

“சுத்தம்” என்றார் டீச்சர்.

“சுத்தம்.”

“சுத்தம்.”

“சுத்தம்.”

கலியமூர்த்தி இன்னொரு தரம் முகர்ந்தார். பல் டாக்டர் அங்கேயேதான் இருந்தார்.

“சுத்தம்” என்றார் கலியமூர்த்தி.

*

அறுநூறு பாட்டில் நிரப்பிக் கிடங்கில் அடுக்கினார்கள்.

அன்று மதியமே சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாள் வந்ததும், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயம் வந்தது. மூன்றாம் நாள் அந்தப் பயம் மூன்று மடங்கு ஆனது. ஒருவேளை தன் மூக்குதான் தப்போ என்று மனதைத் தேற்றிக்கொண்டார். இருபத்தாறு வருடமாக ஏமாற்றாத மூக்கு தப்பாக இருக்க வேண்டுமே என்று சாமியை வேண்டிக்கொண்டார். இப்படியும் ஒரு வேண்டுதல்.

வீட்டில் குக்கர் விசில் அடித்தால் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோறு இறங்கவில்லை. கிடங்குப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

அங்கே லேபிள் ஒட்டுவது அஞ்சலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த அறுநூறு பாட்டிலுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருப்பாள்.

*

மூக்கம்மாள் தம்ளரைத் துடைத்து முடித்தார்.

“எதுக்குப் பயம்னு தெரியல. சரி. எங்க பயமா இருக்குன்னாவது தெரியுதா?”



“கிடங்குல.”

“அப்ப அங்க போய்க் குடிப்போம். இன்னொரு தம்ளரை எடுத்துட்டு வாங்க.”

“டீச்சர்…”

மூக்கம்மாள் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார்.

சித்திரை மாத வெயில். கிடங்குக்குத் தகரக் கூரை. உள்ளே நுழைந்ததும் முகத்தில் அனல் அடித்தது. இந்தச் சூட்டில் பாட்டிலுக்குள் இருப்பது இன்னும் வேகமாகத் தின்னும் என்று கலியமூர்த்திக்குத் தோன்றியது.

அஞ்சலை மணைப்பலகையில் உட்கார்ந்து, மடியில் ஒரு பாட்டிலை வைத்துப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

“வாங்க டீச்சரம்மா. அட, அண்ணனும் வந்திருக்காரு! பத்து நாளா ஆளையே காணோமே, எங்க மேல எதாச்சும் கோவமா?”

கலியமூர்த்தி சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“காத்தால வந்து பாத்தா அந்த மூலையில ஒரு பாட்டிலு ஒடஞ்சி கெடந்துச்சு, டீச்சரம்மா. எலி தட்டிவுட்டிருக்கும். நாந்தான் கூட்டிப் போட்டேன்.”

கலியமூர்த்தி மூலையைப் பார்த்தார். பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. பாட்டில்கள் பெட்டியின் கட்டங்களுக்குள் கழுத்துவரை புதைந்து நின்றன. அதில் எந்த எலியும் எதையும் தட்டிவிட முடியாது.



“ஒண்ணு எடுத்துத் திறங்க, அண்ணாச்சி” என்றார் மூக்கம்மாள்.

“வேணாம், டீச்சர்.”

“ஏன்?”

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே யாரோ கத்தினார்கள். மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதும் கூடவே கேட்டது.

அஞ்சலை லேபிளை ஒட்டி முடித்தாள். நேராக இருக்கிறதா என்று பார்க்க, பாட்டிலைத் தூக்கிக் கண்ணுக்கு எதிரே பிடித்தாள்.

“சாக்கடை!”

கத்தியது தான்தான் என்று கலியமூர்த்திக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது.

“சாக்கடை, டீச்சர்! அம்புட்டும் சாக்கடை! அஞ்சல, மூஞ்சிக்கு நேரா புடிக்காத! கீழ வை. மெதுவா. மெதுவா வச்சிட்டு ஓடியா!”

அஞ்சலை திகைத்துப் போய் அப்படியே இருந்தாள்.

மூக்கம்மாள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாட்டிலைப் பூப்போல வாங்கித் தரையில் வைத்தார். அஞ்சலையின் கையைப் பிடித்து இழுத்தார். மூன்று பேரும் வாசலைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் டம்மென்று ஒரு சத்தம். உடனே இன்னொன்று. கண்ணாடி தகரத்தில் பட்டுத் தெறித்தது.

கலியமூர்த்தி இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார். உள்ளே மூன்றாவது வெடித்தது.

சத்தம் அடங்கிய பிறகு மூக்கம்மாள் ஜன்னல் கம்பிவலை வழியாகப் பார்த்தார். கலியமூர்த்தியும் பார்த்தார். மணைப்பலகையில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு குத்தி நின்றது.

“அப்ப எலி இல்லியா?” என்றாள் அஞ்சலை. அவளுக்குப் பல் தந்தியடித்தது.

“நீ போய்த் தண்ணி குடி, தாயி. யாரையும் இந்தப் பக்கம் விடாத” என்று அனுப்பிவைத்தார் மூக்கம்மாள்.

*

இரண்டு பேர் மட்டும் கதவருகில் நின்றார்கள்.

“அன்னைக்கே மோந்தீங்களா?”

“மோந்தேன், டீச்சர்.”

“என்ன வாசனை?”

“கிராம்புத் தைலம். பல் டாக்டர்கிட்ட வருமே, அது.”

“பெறகு ஏன் சுத்தம்னீங்க?”

கலியமூர்த்திக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஐம்பத்து நான்கு வயதில் அழுவதற்கு அவர் வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேறு விஷயம் இருந்தது.

“எனக்கு முன்னாடி நீங்க சொல்லிட்டீங்களே. உங்க மூக்குக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போவுதுன்னு இருந்துட்டேன். அந்தப் பொண்ணு மூஞ்சி இன்னிக்குப் போயிருக்கும், டீச்சர். என்ன வேலய வுட்டுத் தொரத்துங்க. நாலு அடி வேணும்னாலும் அடிங்க.”

மூக்கம்மாள் அடிக்கவில்லை. துரத்தவும் இல்லை. கையிலிருந்த தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு எனக்குச் சளி, அண்ணாச்சி” என்றார்.

“என்னது?”

“நாலு நாளா மூக்கு அடைச்சுக் கிடந்துச்சு. வெளிய சொல்லல. தம்ளர்ல இருக்கது பியரா, வெறும் தண்ணியான்னு கூட எனக்குத் தெரியல.”

கலியமூர்த்திக்கு அழுகை நின்றது. குருவின் மேல் கோபப்படுவது எப்படி என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் கோபம் வந்தது.

“ஒண்ணுமே தெரியாமலா சுத்தம்னு சொன்னீங்க? எப்படி டீச்சர் சொன்னீங்க? எந்தத் தைரியத்துல சொன்னீங்க?”

மூக்கம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“எனக்குப் பின்னாடி நீங்க இருந்தீங்களே, அண்ணாச்சி.”