அரசர் குறை சொல்லாத சுவர்

மாதம் மும்மாரி பெய்ததாகப் புலவர்கள் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், செங்குவளை என்றொரு நகரம் இருந்தது. அதிரவேள் என்றோர் அரசர் அதை ஆண்டார். நல்ல அரசருக்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்று நூல்கள் நீளமாகச் சொல்கின்றன. அத்தனையும் அவரிடம் இருந்தன. கூடவே மறதியும் இருந்தது. நூல்களில் அது இல்லை, எழுதியவர்கள் மறந்திருக்கலாம்.

வயது ஏற ஏற அரசரை ஓர் ஏக்கம் பிடித்துக்கொண்டது. சிறுபிள்ளையாக அவர் ஓடித் திரிந்த ஊர் எங்கே? தாமரைக்குளம் எங்கே? இலுப்பைத் தோப்பு எங்கே? இப்போது வீதிகள் அகலமாக இருந்தன, மதில்கள் உயரமாக இருந்தன, அவருடைய ஊரை மட்டும் காணவில்லை. பாயசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே பெருமூச்சு விடுவார். பாயசம் ஆறிப்போகும்.

கடைசியில் ஒரு வழி கண்டார். அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு சித்திர மண்டபம் கட்டுவது. கிழக்கே வாசல். மற்ற மூன்று பக்கமும் சுவர். மூன்று சுவரிலும் பழைய ஊர். அதை எழுத மாசாத்தி என்ற ஓவியக்காரியை வரவழைத்தார். அவள் கோடு எவ்வளவு கூர்மையோ, அவள் நாக்கும் அவ்வளவு கூர்மை.

வடக்குச் சுவரில் தாமரைக்குளம். மாசாத்தி சுண்ணாம்புச் சாந்து பூசி, அது காய்வதற்குள் நிறம் தீட்டினாள். ஈரமான சுவர்தான் நிறத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். காய்ந்த சுவரில் தீட்டினால் நாளைக்கே உதிர்ந்துவிடும். அரசர் வந்து பார்த்தார். கை நீட்டித் தாமரை இலையைத் தொட்டார். விரல் ஈரமானது. ஒரு கணம் அவருக்கு எட்டு வயது ஆயிற்று.

பிறகு முகம் வாடியது. “தவளைச் சத்தத்தைக் காணோமே, மாசாத்தி?”

“தவளை எழுதியிருக்கிறேனே. அதோ, இலை மேலே உட்கார்ந்திருக்கிறது.”

“அது கத்தவில்லையே!”

“கத்தலுக்கு நிறம் அரைக்க எனக்குத் தெரியாது, அரசே. குளத்தைத் தூர்த்தவரைத்தான் கேட்க வேண்டும்.”

அமைச்சர் இருமினார். குதிரைகள் ஓடிப் பழக இடம் வேண்டுமென்று குளத்தைத் தூர்க்கச் சொன்னவர் அரசர்தான். அவருக்கு அது நினைவில்லை.

தெற்குச் சுவரில் இலுப்பைத் தோப்பு. மரத்தடியில் பூ உதிர்ந்து கிடந்தது, கரடி ஒன்று அதைத் தின்றுகொண்டிருந்தது. அரசர் மூக்கைச் சுவரோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். சுண்ணாம்பு நெடிதான் அடித்தது.

“பூவின் மணம் எங்கே?”

“மரத்தை வெட்டியவர் கொண்டுபோயிருப்பார்” என்றாள் மாசாத்தி.

அமைச்சர் மறுபடி இருமினார். தேர்ச்சக்கரங்களுக்காகத் தோப்பை வெட்டச் சொன்னவரும் அரசர்தான்.

மேற்குச் சுவரில் தறிக்காரத் தெரு வர வேண்டும். சிறுவயதில் பாடத்துக்குப் பயந்து அரசர் போய் ஒளிந்துகொண்ட தெரு அது. ஆனால் அந்தச் சுவரை முழு நீளத்துக்கு எழுப்ப இடம் போதவில்லை. அங்கே ஒரு தெரு குறுக்கே இருந்தது. எந்தத் தெரு என்கிறீர்கள்? அதே தறிக்காரத் தெருதான்.

“இடித்துவிடுங்கள். அவர்களுக்கு ஆற்றுக்கு அப்பால் இடம் கொடுங்கள்” என்றார் அரசர்.

நெசவாளர்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் சார்பில் நாகாத்தி என்ற நெசவுக்காரி பேசினாள். “மன்னா, ஆற்றங்கரையில் காற்றோடு மணல் பறக்கும். தறிக்காக நீள இழுத்துக் கஞ்சி போட்ட பாவில் மணல் ஒட்டினால் நூல் அறுந்துபோகும். பிறகு எங்கள் பிழைப்பும் அறுந்துபோகும்.”

“கவலைப்படாதே. உங்கள் தெருவை அப்படியே சுவரில் எழுதப்போகிறோம்.”

“சுவரில் நெய்கிற புடவையை யார் உடுத்துவார்கள், மன்னா?”

அரசர் சிரித்தார். உத்தரவு மட்டும் மாறவில்லை.

அப்போது மாசாத்தி முன்னே வந்தாள். “அரசே, இடிக்கும் முன்னால் மேற்குப் பக்கத்துக்கு நான் ஒன்று செய்து காட்டுகிறேன். வழக்கம்போல் ஏதாவது குறை சொன்னீர்களானால், இடியுங்கள். சொல்லவில்லை என்றால், மண்டபம் அத்தோடு முடிந்தது. தெருவில் கை வைக்கக் கூடாது. சம்மதமா?”

அரசர் இதுவரை எதையும் குறை சொல்லாமல் விட்டவர் இல்லை. பாயசத்தில்கூடக் குறை சொல்வார். ஆகவே தாராளமாகச் சம்மதித்தார்.

மாசாத்தி மேற்குப் பக்கம் முழுக்கத் தட்டி கட்டி மறைத்துக்கொண்டாள். உள்ளே சுண்ணாம்புச் சாந்தால் உருவம் பிடிக்கும் சுதை வேலை நடந்தது. நிறம் அரைக்கும் சத்தமே கேட்கவில்லை. அமைச்சருக்குச் சந்தேகம். நாகாத்திக்கு அதைவிடச் சந்தேகம்.

குறித்த நாள் காலையில் அரசர் வந்தார். மண்டபத்துக்கு இன்னும் கூரை போடவில்லை. ஆகவே வெண்கொற்றக்குடையும் கூட வந்தது. ஆசனத்தை மேற்குப் பக்கத்தின் ஓரத்திலேயே போடச் சொல்லி உட்கார்ந்தார். மாசாத்தி தட்டியை விலக்கினாள்.

இரண்டு பக்கமும் சுதைக் கொடிகள். கொடிகளில் கிளிகள். மேலே இரண்டு மகர மீன்கள் வாயோடு வாய் சேர்ந்து வளைவாக நின்றன. நடுவில் சுவர் இல்லை.

நடுவில் தெரு இருந்தது. தெரு நெடுகப் பாவு இழுத்துக் கட்டியிருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் நடந்து கஞ்சி தடவினார்கள். தறிகள் தடதடவென்று அடித்தன. புளித்த கஞ்சி வாசம் குப்பென்று வந்தது. யாரோ யாரையோ திட்டினார்கள். திட்டு வாங்கியவன் சிரித்தான்.

அரசர் காது கொடுத்தார். சத்தம் இருந்தது. மூச்சை இழுத்தார். மணம் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். எல்லாம் அசைந்தது. இது எழுதிய தெரு இல்லை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? இருந்தும் ஏதாவது குறை சொல்லலாமென்று வாயைத் திறந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

அதற்குள் தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது. கஞ்சிக் கையோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாகாத்தி நின்றாள். உட்கார்ந்திருப்பது யாரென்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

“யாரய்யா அது குடையோடு? பாவு மேலே நிழல் விழுகிறது, கஞ்சி காய வேண்டாமா? தள்ளி உட்காரய்யா!”

காவலர்கள் வாளில் கை வைத்தார்கள். அரசனின் குடைநிழலில் உலகமே குளிரும் என்று எத்தனையோ புலவர்கள் பாடியிருக்கிறார்கள். காய வேண்டிய பாவு நூலைப் பற்றி ஒருவரும் யோசித்ததில்லை.

அரசர் காவலர்களைக் கையமர்த்தினார். எழுந்தார். ஆசனத்தைத் தாமே இழுத்துத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

“இப்போது வெயில் விழுகிறதா, அம்மா?” என்று கேட்டார்.

“விழுகிறது, விழுகிறது” என்று சொல்லிவிட்டு, நாகாத்தி தன் வேலையைப் பார்க்கப் போனாள். மண்டபம் அத்தோடு முடிந்தது, தெருவில் யாரும் கை வைக்கவில்லை.

போனதை எண்ணி ஏங்குகிறவர், இன்னும் போகாமல் இருப்பதை முதலில் காப்பாற்ற வேண்டும்.