மனுக் கொடுக்க நின்ற ராஜா

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வெண்ணாவல் நாட்டைக் காரிவளவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் காலையில் போட்ட உத்தரவை மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுவார். கூத்து என்றால் மட்டும் உயிர்.

அந்த நாட்டில் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க ஆட்சிக் கல்லூரி ஒன்று இருந்தது. அதன் தலைவர் நெடுங்கண்ணனார், சபையில் ராஜாவுக்குப் பக்கத்திலேயே உட்காருகிறவர். வரி, வாய்க்கால், வழக்கு எல்லாம் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே வைத்தது, குடிமக்களிடம் மனு வாங்கப் பழக்கும் மனுப் பாடத்தை. ஒரு மாணவன் அதிகாரியாக நாற்காலியில் உட்காருவான். இன்னொருவர் குடிமகனாக எதிரே நிற்க வேண்டும். அதிகாரி சொல்வது: "தள்ளி நில். நீ யாருடைய ஆள்? சரி, பார்க்கலாம், போய் வா." குடிமகன் சொல்வது: "அப்படியே ஆகட்டும் ஐயா." எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்காமலே இதை முடிக்கிறவனுக்கு முழு மதிப்பெண். இதற்குப் பெயர் பயிற்சியாம். வயிறு எரியுமா எரியாதா?

அங்கே படித்தாள் எழிலி, கீழைக்கோட்டத்து உப்பு வியாபாரியின் மகள். வரியிலும் வாய்க்காலிலும் வழக்கிலும் அவள்தான் முதல். மனுப் பாடத்தில் மட்டும் அவளை ஒருநாள்கூட நாற்காலியில் உட்காரவிட்டதில்லை. குடியானவன், விதவை, நெசவாளி என்று எல்லா வேடத்துக்கும் அவளையே நிற்க வைத்தார்கள்.

படிப்பு முடிந்த வேளையில் கீழைக்கோட்டத்தில் பெரிய ஏரியின் மதகு இறுகிக்கொண்டது. ஏரி நிறையத் தண்ணீர், கீழே வயல் முழுக்க வெடிப்பு. அந்தக் கோட்டத்து அதிகாரி பதவியோ காலி. முதலாக வந்த எழிலிக்குத்தானே அது? நெடுங்கண்ணனாரோ அந்தப் பதவிக்குத் தன் மருமகன் பூவேந்தனைச் சபைக்கு அழைத்து வந்தார். எழிலி அழைக்காமலே வந்தாள்.

"அரசே, முதல் மதிப்பெண் எனக்கு. பதவி ஏன் இவருக்கு?"

"அனுபவம் போதாது, அரசே," என்றார் நெடுங்கண்ணனார். "இந்தப் பெண் அதிகாரி நாற்காலியில் ஒருமுறைகூட உட்கார்ந்து பழகியதில்லை."

"உட்காரவிடாதது யார் ஐயா?"

"பார்த்தீர்களா அரசே, வாய். இந்த வாயை வைத்துக்கொண்டு நிர்வாகமா?"

"வாயை மூடிக்கொண்டு நிர்வாகம் செய்ததால்தான் ஐயா எங்கள் ஊர் வயல் வாயைப் பிளந்து கிடக்கிறது."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நீ என்னதான் கேட்கிறாய்?"

"மனுப் பாடத்தை இங்கேயே நடத்துங்கள். அதிகாரியாக அவர் உட்காரட்டும். இத்தனை நாளும் குடிமகனாக நின்று எனக்குக் கால் கடுத்துவிட்டது. இன்றைக்கு மட்டும் நீங்கள் நில்லுங்கள்."

ராஜா கூத்து என்றதும் கிரீடத்தைக் கழற்றிவிட்டார். ஒரு காவலாளியின் துண்டை வாங்கித் தலையில் கட்டிக்கொண்டு, "ஐயா, எங்க ஊர் மதகு இறுகிப்போச்சுங்க," என்று கும்பிட்டார்.

பூவேந்தன் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தான். "அரசே, தாங்கள் அமருங்கள்."

"இது பாடத்தில் இல்லையே," என்றாள் எழிலி.

"அரசருக்கு வேறு முறை," என்று நெடுங்கண்ணனார் குறுக்கே வந்தார்.

"அது எந்தப் பாடம் ஐயா? நீங்கள் நடத்திய அன்று நான் விடுப்பில் இருந்தேனோ?"

ராஜாவுக்கு வேடம் கலைவது பிடிக்கவில்லை. "தம்பி, கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய். இது என் ஆணை."

பூவேந்தன் மாமாவைப் பார்த்தான். மாமா தரையைப் பார்த்தார். "த... தள்ளி நில்," என்றான். "நீ யாருடைய ஆள்?" கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டான். "பார்க்கலாம். போய் வா."

ராஜாவின் முகம் சிவந்தது. "என்னடா சொன்னாய்? யாரைப் பார்த்து?"

"அரசே, குடிமகன் கோபப்படக் கூடாது," என்றாள் எழிலி. "'அப்படியே ஆகட்டும் ஐயா' என்று சொல்லிக் குனிந்துகொண்டே போக வேண்டும். உங்கள் நாட்டில் எல்லோரும் அப்படித்தான் போகிறோம்."

ராஜா துண்டை அவிழ்க்கவில்லை. "அந்த நாற்காலியில் நீ உட்கார். நீ என்ன சொல்வாய், கேட்கிறேன்."

எழிலி உட்கார்ந்தாள். ராஜாவுக்கு ஓர் இருக்கை போடச் சொன்னாள். "சொல்லுங்கள் ஐயா. மதகுப் பலகை ஊறி வீங்கிவிட்டதா, இல்லை வண்டல் அடைத்ததா?"

"தெரியாதே அம்மா."

"பயிர் இன்னும் எத்தனை நாள் தாங்கும்?"

ராஜா விழித்தார். "அதுவும் தெரியாது."

"அப்படியானால் இங்கே உட்கார்ந்து பேசிப் பிரயோசனம் இல்லை. வாருங்கள், நேரில் பார்ப்போம்." எழுந்து வாசலை நோக்கி நடந்தாள்.

"எங்கே போகிறாய்? கூத்து முடிந்ததா?"

"கூத்து உங்களுக்குத்தான் அரசே. அங்கே எங்கள் பயிர் நிஜமாகவே காய்கிறது."

ராஜா நெடுங்கண்ணனார் பக்கம் திரும்பினார். "நாளை முதல் மனுப் பாடத்தில் குடிமகனாக நிற்கப்போவது நீர்."

"எத்தனை நாளைக்கு அரசே?"

"பார்க்கலாம், போய் வாரும்."

பூவேந்தனை முதலாண்டு வகுப்புக்கே திருப்பி அனுப்பினார். எழிலிக்குப் பரிசாகத் தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"மாலை நீங்கள் மனமிரங்கித் தருவது. பதவி நான் படித்து வாங்கியது. அதை மட்டும் கொடுங்கள். தயவு என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்."

ராஜா மாலையைத் திரும்பப் போட்டுக்கொண்டு கோட்டத்து முத்திரை மோதிரத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஏரிக்கரைக்குப் போனாள். ஊறி வீங்கிய பலகையை உடைத்தெடுத்துப் புதுப்பலகை இறக்கினார்கள். வாய்க்காலில் தண்ணீர் சலசலவென்று ஓடியது. ஊர்ச்சனம் கைகூப்பிக் காலில் விழ வந்தது.

எழிலிக்கு அப்போதும் கோபம் ஆறவில்லை. "எழுந்திருங்கள்," என்றாள். "இது உங்கள் தண்ணீர். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேளுங்கள்."

அன்றைக்குக் கேட்க ஆரம்பித்தவர்கள்தான், அதன் பிறகு கீழைக்கோட்டத்தில் எந்த அதிகாரி முன்னாலும் ஒருவரும் குனிந்து நிற்கவில்லை.