கிளிஞ்சல் விட்ட மூச்சு

"தாயே, என் தம்பியைக் கொன்னது யாரு? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. பிச்சையாதானே?"

தேரி மணல்மேட்டின் அடியில் மண்டி போட்டுக் கேட்டான் கொற்கையான். கடலில் முங்கிச் சங்கெடுக்கிறவன், தலை நரைத்தவன். நீலாயி சாமிக்கு அவன் வயதில் பாதிகூட இருக்காது. அதனால் என்ன, குரு குருதானே.

குடிசைச் சுவருக்குச் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தாள் நீலாயி. தலை நிமிரவில்லை.

"எப்படிச் செத்தான்?"

"மார்கழிக் குளிரு. சூடு கிடைக்குமேன்னு, சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் சுடுற பிச்சையாவோட சூளைக்குக் கீழே, பள்ளத்துல போய்ப் படுத்திருக்கான். விடியக்காலம் பாத்தா பிணம். உடம்புல ஒரு கீறல் இல்ல. காலடியில படுத்த நாயும் செத்துக் கிடக்கு. மேட்டுல, கூண்டுக்குள்ள இருந்த சேவல் மட்டும் கூவிக்கிட்டு இருக்கு. மேட்டுல உக்காந்து சூளையைப் பாத்துக்கிட்டிருந்த பிச்சையாவும் குத்துக்கல்லாட்டம் இருக்கான்."

"அப்போ சேவல் மேலயும் ஒரு சந்தேகம் இருக்குன்னு சொல்லும்."

"சிரிக்காதீங்க தாயே. கடலுக்கு அடியில போய் மூச்சடக்குறவன் என் தம்பி. அவன் தரையில படுத்து மூச்சு நின்னு சாவானா? செய்வினைதான்."

"இடுப்புல என்ன, துருத்திக்கிட்டு?"

"ஒண்ணுமில்ல."

இடுப்பில் இருந்தது சங்கு. அதை அவன் சொல்லவில்லை. சூளையடியில் பிச்சையாவைக் கட்டிப்போட்டுத் தன் பங்காளிகள் காவல் நிற்பதையும் சொல்லவில்லை.

முங்கினவன் உயிரோடு மேலே வந்தால் சங்கு ஊதுவது அவர்கள் வழக்கம். கிளம்பும்போது பங்காளிகளிடம் அவன் சொல்லிவிட்டு வந்தது இதுதான்: "இவன் மேல குத்தமில்லைன்னு சாமி சொன்னா, தேரி உச்சியில நின்னு சங்கு ஊதுதேன். வெயில் சாயுற வரைக்கும் சத்தம் கேக்கலைன்னா தூக்கிச் சூளைக்குள்ள போட்டுருங்க."

அதுவும் அவனாக வரவில்லை. அவன் பெண்டாட்டி அவன் காலைப் பிடித்து அழுததால் வந்தான்.

நீலாயி ஒரு கிளிஞ்சலை எடுத்துக் கல்லில் வைத்தாள்.

"இது என்ன?"

"கிளிஞ்சல்."

இடித்தாள். "இப்போ?"

"கிளிஞ்சல் பொடி."

"இன்னும் இடிச்சா?"

"இன்னும் நல்ல பொடி. என்ன தாயே, சின்னப்பிள்ளை விளையாட்டு?"

"இடிச்சுக்கிட்டே போனா, கடைசியில இடிபடாத ஒண்ணு மிஞ்சும். அணுன்னு பேரு. சூளைத் தீயிலயும் அது சாகாது. கூட்டாளிய மாத்திக்கிடும், அவ்வளவுதான்."

"என் தம்பி செத்துட்டான் தாயே."

"தெரியும். இந்த ரெண்டு கூடையையும் தூக்கிப் பாரும்."

ஒன்றில் பச்சைக் கிளிஞ்சல். மற்றதில் சூளையில் வெந்த கிளிஞ்சல். இரண்டும் ஒரே அளவு.

"வெந்தது பாதிக்குப் பாதி லேசா இருக்கு."

"உருவம் மாறியிருக்கா?"

"இல்லையே."

"அப்போ அந்தப் பாதி எங்க?"

"தீ தின்னிருச்சு."

"தீக்கு ஏது அண்ணாச்சி வயிறு?"

அவன் பனைமரத்து நிழலைப் பார்த்தான். மரத்தடியிலேயே சுருண்டு கிடந்தது. நேரம் இருந்தது.

சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீர் மூடிய கலயத்தில் இருந்தது. அதை இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றினாள். சிரட்டையின் கருப்பு அப்படியே தெரிகிற தெளிவு. ஒரு பப்பாளித் தண்டை அவனிடம் நீட்டினாள்.

"ஒரு சிரட்டைக்குள்ள மட்டும் ஊதும்."

ஊதினான். கடலில் முங்குகிறவன் நெஞ்சு, கேட்க வேண்டுமா? நீர் குமிழி விட்டது. கலங்கியது. பாலானது.

"இது என்ன மாயம்?"

"பொறும். அடியில படியட்டும்."

பொறுத்தான். எழுந்து போயிருக்கலாம், அவசரம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேரம் போனால் போகட்டும் என்றுதான் இருந்தது அவன் மனசு. பனை நிழல் கிழக்கே நகர்ந்தது, மணலில் நீண்டது.

சிரட்டையின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நீலாயி நீரை இறுத்து, படிந்ததை அவன் ஒரு உள்ளங்கையில் வைத்தாள். மறு கையில் கல்லில் இடித்த பொடியை வைத்தாள்.

"வித்தியாசம் சொல்லும்."

தேய்த்துப் பார்த்தான். முகர்ந்து பார்த்தான். நாக்கு நுனியில் வைத்தும் பார்த்தான்.

"ரெண்டும் கிளிஞ்சல் பொடிதான்."

"வேகும்போது அது விட்டுட்டுப் போனது திரும்பி வந்து சேந்துக்கிட்டுது. எங்க இருந்து வந்துச்சு?"

அவன் கை தானாக வாய்க்குப் போனது.

"என்... என் மூச்சுல இருந்தா?"

"ம்."

"சூளையில கிளிஞ்சல் விடுறதும், நாம வெளிய விடுறதும் ஒண்ணா தாயே?"

கடலுக்கடியில் அடக்கிய மூச்சு நெஞ்சைப் பிளக்க வரும் அந்தக் கடைசிக் கணம் அவனுக்குத் தெரியும். எத்தனை தடவை பட்டிருக்கிறான்.

"ஆனா அது காத்தாச்சே. மேலதானே போகணும்?"

"கண்ணுக்குத் தெரியாததெல்லாம் மேலதான் போகணுமா? காத்தைவிடக் கனமானது எங்க தேங்கும்?"

"பள்ளத்துல."

சொன்ன பிறகுதான் அவனுக்கு அவன் சொன்னது கேட்டது. பள்ளத்தில் தம்பி. பள்ளத்தில் நாய். மேட்டில் சேவல்.

மேட்டில் பிச்சையா.

கொற்கையான் இடுப்புச் சங்கை உருவிக்கொண்டு தேரி உச்சிக்கு ஓடினான். மணல் காலை வாரியது. நாலு காலில் ஏறினான். ஊதினான். கண் பிதுங்க ஊதினான். உதடு கிழிந்து சங்கில் ரத்தம் வடிந்தது. மறுபடியும் ஊதினான்.

காற்று சூளைப் பக்கமிருந்து அவன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

அவன் இறங்கி வந்தபோது பனை நிழல் குடிசையைத் தாண்டிப் போயிருந்தது.

"யாருக்கு ஊதினீரு?" என்றாள் நீலாயி.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் கையிலிருந்த சுண்ணாம்பு மட்டை மணலில் விழுந்தது.

"சத்தம் கேட்டிருக்கும்ல தாயே?"

நீலாயி இரண்டாவது சிரட்டையைக் காட்டினாள். அவன் வாய் வைக்காத சிரட்டை. தெளிநீரின் மேல் மெல்லிசாக வெள்ளை ஆடை படர்ந்துகொண்டிருந்தது.

"இதுல நான் ஊதவே இல்லையே!"

"சூளைப் பக்கமிருந்து வர்ற காத்துல யாரோ ஊதியிருக்காக."