கல்லில் இல்லாத ஓடத்துறை வாரியம்

முன்னொரு காலத்திலே மருதஞ்சீமை என்கிற நாட்டைக் கம்பீரராயன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர் பேச்சே அவனுக்கு வேதம். புத்தியைவிட மீசையை அக்கறையாக வளர்த்தவன் என்று ஊரில் சொல்வார்கள். காதோடு காதாகத்தான் சொல்வார்கள்.

சபை வாசலில் ஒரு குலக்கல் நின்றது. முதல் ராஜா நாட்டை அமைத்தபோது நட்ட கல். ராஜா, மந்திரி, தளபதி, அவைப் பண்டிதர் என்று சில பதவிகள் அதில் வெட்டியிருந்தன. அவற்றை எவனும் நீக்கக்கூடாது. மற்ற வேலைகளுக்கெல்லாம் பின்னால் வந்த ராஜாக்கள் அவ்வப்போது சட்டம் போட்டு ஆள் வைத்துக்கொண்டார்கள்.

அப்படிச் சட்டத்தால் பிறந்ததுதான் ஓடத்துறை வாரியம். ஓர் ஆடிப்பெருக்கில், கொள்ளாத கூட்டத்தை ஏற்றிய ஓடம் மணலாற்றின் நடுவே கவிழ்ந்தது. அன்றே ராஜா சட்டம் போட்டு, அந்த ஓடத்தில் புருஷனைப் பறிகொடுத்த சீரங்காயியை வாரியத் தலைவி ஆக்கினான். அவள் ஒவ்வொரு ஓடத்தின் பக்கத்திலும் ஒரு சிவப்புக் கோடு போட்டாள். தண்ணீர் கோட்டைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் ஒரு கோழிக்குஞ்சுகூட ஏற முடியாது. அதன்பிறகு அந்தத் துறையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

ஒருநாள் அவைப் பண்டிதர் சூடாமணியார், சம்பந்தி வீட்டுப் பலாப்பழம் இரண்டோடு நிறைந்த ஓடத்தில் ஏறினார். தண்ணீர் கோட்டைத் தொட்டது.

"சாமி, இறங்கிக்கங்க. அடுத்த ஓடத்துல போகலாம்" என்றாள் சீரங்காயி.

"நான் யார் தெரியுமா?"

"தெரியுமுங்க. தண்ணிக்குத்தான் தெரியாது."

ஓடத்தில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். பண்டிதர் பலாப்பழத்தோடு இறங்கி, நேரே அரண்மனைக்குப் போனார்.

"மன்னா, குலக்கல்லில் ஓடத்துறை வாரியம் உண்டா? இல்லை! கல்லில் இல்லாதது நாட்டில் எதற்கு? முன்னோர் நினைக்காததை நாம் வைத்திருப்பது அவர்களுக்கு இழுக்கு அல்லவா?"

ராஜா மீசையைத் தடவினான். "அட, சரியாகத்தான் சொல்கிறீர். வாரியத்தைக் கலைத்துவிடுவோம்."

மறுநாள் சீரங்காயியைச் சபைக்கு அழைத்துச் சொன்னார்கள். அவள் மனசுக்குள் நாள் கணக்குப் போட்டாள். ஆடி பிறக்கப்போகிறது. கோட்டைப் பார்க்க ஆளில்லாவிட்டால் மறுபடியும் ஓர் ஓடம் கவிழும், மறுபடியும் யார் யாரோ கரையில் உட்கார்ந்து அழுவார்கள். அந்த அழுகை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"உத்தரவு மகாராசா. ஒண்ணே ஒண்ணு. எங்களுக்கு மட்டும்னா ஓரவஞ்சனைன்னு ஊர் பேசும். கல்லுல இல்லாத வேலை எதுவும் இனிக் கிடையாதுன்னு பொதுவாப் பறை சாத்திருங்க."

"நியாயம்தானே!" என்றான் ராஜா. அவள்தானே கடைசியாகப் பேசினாள்!

பறை சாற்றக் கூப்பிட்டால், பறையடிப்பவன் கும்பிட்டு நின்றான். "நானே கல்லுல இல்லைங்களே!" வேறு வழியில்லாமல் சூடாமணியாரே பறையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போனார். பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள்.

அந்தச் சத்தம் அரண்மனையை எட்டியபோது ராஜாவுக்கு மீசை திருத்திக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கம் முடிந்திருந்தது. நாவிதர் கத்தரியைப் பைக்குள் போட்டார்.

"மன்னிக்கணும் மகாராசா. நானும் கல்லுல இல்லை."

வலப்பக்கம் தேள்கொடுக்காக நிமிர்ந்து நிற்க, இடப்பக்கம் நறுக்கிய வெந்தயக்கீரையாகக் கிடக்க, ராஜா சாப்பிடப் போனான். அடுப்பில் பூனை படுத்திருந்தது. சமையற்காரர் கல்லில் இல்லை. விசிறி போடுபவன் இல்லை. யானைக்கொட்டிலில் பாகன் இல்லாமல், யானை அந்தப்புரத்து வாழைத்தோட்டத்தில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

ராஜா பசியோடு சபைக்கு ஓடிவந்தான். "சீரங்காயியைக் கூப்பிடு! ஐயையோ, கூப்பிடவும் ஆளில்லையா? பண்டிதரே, நீரே போம்!"

அவள் வந்தாள். ராஜாவின் மீசையைப் பார்த்ததும் சட்டென்று தரையைப் பார்த்துக்கொண்டாள்.

"மன்னா, அவையெல்லாம் சில்லறை வேலைகள்" என்று இழுத்தார் பண்டிதர். "ஓடத்துறை வாரியமோ மக்களை அதிகாரம் செய்கிறது. கல் அதை எங்கே அனுமதித்தது?"

"சாமி, கல்லோட முதல் வரியைச் சொல்லுங்க" என்றாள் சீரங்காயி.

"'ராஜா குடிகளைக் காக்கக் கடவன்.'"

"எப்படிக் காக்கணும்னு எழுதியிருக்குங்களா?"

"இல்லை."

"அதுக்குத்தானுங்களே ராசாவுக்குச் சட்டம் போடற அதிகாரம்! கல்லு வேலையைச் சொல்லுச்சு. அதைச் செய்யறதுக்குச் சட்டம் எங்களைப் பெத்துச்சு."

ராஜா பசியையும் மறந்து சிரித்தான். "ஆனால், சட்டம் போட்டு வைத்ததைச் சட்டம் போட்டே எடுத்துவிடலாமே. பயமில்லையா?"

"இருக்குங்க. அதனாலதான் நித்தம் ஒழுங்கா வேலை பார்க்கறோம். கல்லுல இருக்கறவங்களுக்கு அந்தக் கவலை ஏது?"

சபையே பண்டிதரைத் திரும்பிப் பார்த்தது.

"பேஷ்! உன் வாரியத்தையும் கல்லில் வெட்டிவிடுகிறேன்" என்றான் ராஜா.

"வேண்டாமுங்க. கல்லுல ஏறிட்டா எனக்கும் தூக்கம் வந்துரும்."

ராஜா பறை சாற்றிய உத்தரவை ரத்து செய்து, அவளுக்குப் பட்டும் பொற்காப்பும் கொடுத்தான். பிறகு பண்டிதர் பக்கம் திரும்பினான். "உம்மை நீக்க மாட்டேன். கல் உம்மைக் காப்பாற்றிவிட்டது. ஆனால் புதுச்சட்டம் ஒன்று போடுகிறேன். இந்த ஆடி முழுக்க அவைப் பண்டிதர் ஓடத்துறையில் நின்று, ஏறுகிறவர்களுக்குக் கோட்டைக் காட்ட வேண்டும்."

ஆடிப்பெருக்கு வந்தது. அக்கரைத் திருவிழாவுக்குப் போக ராஜாவே துறைக்கு வந்து, ஆசையாக ஓடத்தில் கால் வைத்தான். தண்ணீர் கோட்டைத் தொட்டது.

சீரங்காயி பக்கத்தில் நின்ற பண்டிதரைப் பார்த்தாள். பண்டிதர் ராஜாவைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், ஓடத்தில் குழந்தைகளை மடியில் வைத்திருந்த பெண்களைப் பார்த்தார்.

"மன்னா... இறங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஓடம்."

"நான் யார் தெரியுமா?" என்றான் ராஜா, ஒழுங்காகத் திருத்திய மீசைக்குள் சிரித்துக்கொண்டே.

"எனக்குத் தெரியும் மன்னா. தண்ணீருக்குத் தெரியாது."

ராஜா இறங்கினான். ஓடம் நிம்மதியாக அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. சீரங்காயி அன்றைக்கு வயிறார உண்டு, கண்ணாரத் தூங்கினாள். அந்த ஊர் ஓடங்களில் ஏறியவர்களும் அப்படியே.