வரத்துக்கால் வெட்டிய முத்திருளாயி

கூலிக்கு நாற்று நட்டுப் பிழைத்தவர் முத்திருளாயி அம்மையார். நடவு முடிந்து கரையேறியதும் மற்றப் பெண்கள் வீடு திரும்புவார்கள். இவரோ மண்வெட்டியோடு வரத்துக்காலுக்குப் போவார். மழைத் தண்ணீரைக் கண்மாயில் கொண்டுவந்து சேர்க்கும் கால் அது. ஆழ்குழாய்க் கிணறுகள் வந்த பிறகு ஊரார் அதை மறந்துவிட்டார்கள். முள் மண்டி, மேடிட்டுக் கிடந்தது. அம்மையார் நாள்தோறும் ஒரு கூடை மண் அள்ளிக் கொட்டிவிட்டு, கண்மாய்க்கரை அய்யனாரை நோக்கிக் கும்பிடுவார். அவர் செய்த பூசை அவ்வளவுதான்.

“பூ வாங்கக் காசில்லாம சாமி தலையில மண்ணைப் போடுறியேக்கா!” என்று நடவுப் பெண்கள் சிரிப்பார்கள்.

“போங்கடி. பூ பொழுதுக்குள்ள வாடிரும். மண்ணு வாடுமா?” என்று இவரும் சிரிப்பார்.

பல ஆண்டு தோண்டி வந்த மண்வெட்டி ஒருநாள் ஊர்த் தலைவரான அம்பலம் பெரியணனின் மிளகாய்த் தோட்டத்தில் முட்டியது. காலின் குறுக்கே வரப்பை நீட்டிப் பயிர் வைத்திருந்தார் அவர்.

“அய்யா, இந்த நாலு பாத்திய விட்டுக்குடுத்தா தண்ணி போயிரும்” என்றார் அம்மையார்.

“ஒனக்கு ஒரு குழி நெலமிருக்கா? கம்மாய் ரொம்புனா ஒனக்கென்ன, காஞ்சா ஒனக்கென்ன?”

“எனக்கு ஒண்ணுமில்லய்யா. அய்யனாரு காலு நனையணும்.”

“நாளையிலருந்து இந்த ஊரு வயல்ல நீ எறங்கக் கூடாது. அய்யனாரே சோறு போடட்டும்!”

அம்பலம் சொன்னால் மறுபேச்சில்லை. அம்மையார் பக்கத்து ஊருக்கு நடந்துபோய், கருவேலங்கட்டை வெட்டிக் கரிமூட்டம் போட்டார். கை வெடித்தது. கஞ்சி ஒருவேளையாயிற்று. பூசை மட்டும் நிற்கவில்லை. பயிரில் கை வைத்தால் பாவம் என்று, தோட்டத்தைச் சுற்றிப் புறம்போக்கில் புதுக்கால் வெட்டினார். பாறையாய் இறுகிய சுக்கான் மண். ஒரு கூடை சேரவே இரண்டு நாளாகும். மூன்று ஆண்டு வெட்டினார்.

மூன்றாம் ஆண்டு ஆழ்குழாய்களும் காற்றைத்தான் இறைத்தன. ஐப்பசியில் ஒரே ஒரு மழை. சுற்றுப்பட்டுக் கண்மாய்களில் சேறுதான் மிஞ்சியது. அந்த ஊர்க் கண்மாயோ, அம்மையார் வெட்டிய காலில் ஓடிவந்த தண்ணீரால் நிறைந்து மறுகால் பாய்ந்தது.

மகிழ்ந்த ஊர், அய்யனாருக்கு மண்குதிரை எடுக்க முடிவு செய்தது. குதிரை செய்யும் வேளாரிடம் முதல் பிடிமண் கொடுப்பது, அதிக நிலமுள்ளவரின் உரிமை. அது பெரியணனுடையது. அய்யனார் இறங்கியாடும் சாமியாடியும் அவரே. கொட்டு முழங்க அருள் வந்தது. மண்தட்டை எடுத்தவர் வேளாரைக் கடந்தார். கூட்டத்தைப் பிளந்து போனார். கடைசி வரிசையில் கரிபடிந்த சேலையோடு நின்ற அம்மையாரின் முன் மண்டியிட்டார்.

“ஆத்தா, ஒங் கையால குடுத்தாத்தேன் எனக்குக் குதிரை!”

அம்மையார் அள்ளிக் கொடுத்தார். வேளார் இரு கையேந்தி வாங்கினார்.

அருள் நீங்கியதும் பெரியணன் முகம் துடைத்துக்கொண்டு கேட்டார்: “பிடிமண்ணை யாருய்யா குடுத்தது?”

“முத்திருளாயி. நீங்கதேன் குடுக்கச் சொன்னீக” என்றார் வேளார்.

பெரியணன் அம்மையாரின் வெடித்த கையைப் பார்த்தார். பிறகு, “அப்பச் சரியாத்தேன் இருக்கும்” என்றார்.

ஒரு குழி நிலமில்லாத கையிலிருந்து அய்யனார் மண் வாங்கிக்கொண்டார். அந்தக் கையை நாமும் கும்பிடுவோம்.