ஏசுவடியாள் முழுங்கின வரி

ஒரு ஊர்ல ஒரு பூசணிக்கொடி இருந்துச்சாம். கொடிக்குச் சொந்தக்காரி ஏசுவடியாள். அறுப்புப் பண்டிகைக்குக் கோயில்ல காணிக்கையா வைக்கணும்னு, ஒரே ஒரு காயை வைக்கோல்ல படுக்க வச்சு, பிள்ளை மாதிரி வளத்தா. ம் சொல்லு.

அப்புறம் என்னாச்சு? பக்கத்து வீட்டு தெபோராளோட வெள்ளாடு கயித்த அத்துக்கிட்டு வந்துருச்சு. கறுக்கு மொறுக்கு, கறுக்கு மொறுக்கு! கொடியும் காலி, காயும் காலி.

"யக்கா, மன்னிச்சிருங்க"ன்னு ஓடி வந்தா தெபோராள்.

"உன் ஆட்டுக்குப் பூசணிக்கா, எனக்கு வெறும் மன்னிப்பா? போடி அங்கிட்டு! பழி தீக்காம விடமாட்டேன்."

அந்த ஞாயித்துக்கிழமை கோயில்ல எல்லாரும் பரமண்டல ஜெபம் சொன்னாங்க. அதுல, மத்தவங்க தப்பை நாங்க மன்னிக்கிற மாதிரி எங்க தப்பையும் மன்னியும்னு ஒரு வரி வருமில்ல? அது வந்ததும் ஏசுவடியாளுக்கு வாய் வரல. லபக்னு முழுங்கிட்டு அடுத்த வரிக்குத் தாவிட்டா. அப்போ என்னாகும்? மத்தவங்க இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கறப்பவே இவ மட்டும் கணீர்னு "ஆமென்!" கோயிலே திரும்பிப் பாத்துச்சு.

அடுத்த ஞாயிறு உஷாரா, மத்த வரியெல்லாம் இழுத்து இழுத்துச் சொன்னா. இழுத்தது பத்தல. அப்பவும் முந்திக்கிட்டு "ஆமென்!"

வாசல்ல போதகரய்யா கேட்டார்: "என்ன ஏசுவடியா, பரலோகத்துக்கு முதல் பஸ்ஸுக்கா ஓடுறே?"

அதுக்கடுத்த வாரம் பண்டிகை. அன்னிக்குத் திருவிருந்தும் உண்டு, எல்லாரும் முழங்கால் போட்டு அப்பம் வாங்குவாங்க. நெஞ்சுல கசப்ப வச்சுக்கிட்டு அந்த அப்பத்தை எப்படி வாங்க? வாங்காமத்தான் எப்படி இருக்க? அவளுக்குச் சோறே இறங்கல.

பழி தீத்துட்டா கசப்பு போயிரும்னு நினைச்சா. சனிக்கிழமை அரிவாளை எடுத்துக்கிட்டு, பையப் பைய, பையப் பைய, தெபோராளோட சுரைக்கொடிகிட்ட போனா. ஓங்கினா. பின்னால ஆடு, "ம்ம்மே!"

"இயேசுவே!"ன்னு பதறிட்டா. அந்தப் பேரைச் சொன்ன வாயோட கொடிய வெட்ட அவளுக்குக் கை வரல. திரும்பி வந்துட்டா.

தூங்கிட்டியா? ம்?

மூணாவது ஞாயிறும் அந்த வரி வந்துச்சு. மீன்முள்ளாட்டம் தொண்டையில குத்துச்சு. இந்தத் தடவை முழுங்கல. ஒவ்வொரு வார்த்தையா, மெதுவா, மெதுவா சொன்னா. எல்லாரும் ஆமென் சொல்லி உக்காந்தாச்சு. இவ இன்னும் சொல்லிக்கிட்டே இருக்கா. கடைசியா, சின்னக் குரல்ல, "ஆமென்." யாரும் சிரிக்கல. அப்புறம் தெபோராள் பக்கத்துலயே போய் முழங்கால் போட்டு அப்பம் வாங்கினா.

வெளிய வந்து பாத்தா, அந்த ஆடு கோயில் வாசல்ல நின்னு, ஏசுவடியாளோட புதுச் செருப்ப மென்னுக்கிட்டு இருக்கு!

"யக்கா... மன்னிச்சிருங்க."

"இப்பத்தானடி சொல்லி முடிச்சேன்! அதுக்குள்ள மறுபடியும் முதல்லேருந்தா?"ன்னு தலையில கை வச்சா. பெறகு அவளுக்கே சிரிப்பு வந்துருச்சு. வெறுங்காலோட, கயித்த மாறி மாறிப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு பேரும் நடந்தாங்க.

ஆடும் வீடு சேந்துச்சு, கதையும் வீடு சேந்துச்சு. கண்ணை மூடு.