பதினாறாம் நாள் கொம்பு

அருங்காட்சியகத்தின் தலைமைக் காப்பாளர் தமயந்தி அம்மையாரிடம் இருபது ஆண்டுகளாகத் தொழில் பயின்று வந்தவர் குணாளன். பழம்பொருள்கள் சிதையாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஒரு நாள் அவர் கலக்கத்தோடு வந்து நின்றார்.

"அம்மா, வேங்கையூர் மலையிலிருந்து நீலி என்பவரும் அவர் தம்பியும் வந்திருக்கிறார்கள். நம்மிடமுள்ள பித்தளைக் கொம்பை ஒருமுறை ஊத வேண்டுமாம்."

"ஏன்?"

"அந்தக் காலத்தில் அவர்கள் ஊர்த்தலைவரை வெள்ளைக்காரப் பட்டாளம் சுட்டுவிட்டதாம். பதினாறாம் நாள் அந்தக் கொம்பை ஊதினால்தான் துக்கம் முடியும். அதற்குள் ஒரு துரை கொம்பை எடுத்துப் போய்விட்டார். அன்று முதல் அந்த ஊரில் எந்தக் கல்யாணத்திலும் மேளமில்லை. வரும் தையில் நீலியின் மகளுக்குக் கல்யாணம். ஆனால் கொம்பில் விரிசல் இருக்கிறது; ஊதினால் உடையலாம். நான் என்ன செய்யட்டும்?"

அம்மையார் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கொம்பு இருந்த கூடத்துக்கு நடந்தார்.

நீலி கண்ணாடிப் பேழையருகே நின்றிருந்தார். குணாளன் முந்திக்கொண்டு, "கைபடக் கூடாதம்மா" என்றார்.

"பிடுங்கிட்டுப் போன துரை கைபடாமலா எடுத்தாரு, ஐயா?" என்றார் நீலி.

அம்மையார் பதிவேட்டைக் குணாளனிடம் நீட்டினார். "படி."

"'பித்தளைக் கொம்பு. துரையின் அன்பளிப்பு.'"

"யாருடைய கொம்பு?"

குணாளன் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "எழுதவில்லை அம்மா."

"கேள்."

இருபது ஆண்டுகளில் அவர் ஒருமுறையும் கேட்காத கேள்வி அது. கேட்டார்.

"கரியமூப்பன். குண்டடிபட்டுச் செத்தவரு. எங்க பாட்டனுக்குப் பாட்டன்" என்றார் நீலி.

குணாளன் எழுதினார். அம்மையார் பேழையைத் திறந்தார்.

நீலியின் தம்பி சடையன் விரிசலை விரலால் தடவினார். "தேன்மெழுகு கொண்டாந்திருக்கேன், அடைச்சுக்கலாம். ஆனா இத்தன காலம் இதப் பாத்துக்கிட்டது நீங்க. நீங்களே சொல்லுங்க, எத்தன மூச்சு தாங்கும்?"

குணாளன் விரிசலின் நீளத்தை விரலால் அளந்தார். "ஒன்று."

"ஒண்ணு போதும்" என்றார் நீலி. "அப்புறம் இது எங்க இருக்கணும்னு எல்லாரும் உக்காந்து பேசுவோம்."

சடையன் மெழுகை உருட்டத் தொடங்கினார். குணாளன் அம்மையாரின் பக்கம் குனிந்தார்.

"உடைந்துவிட்டால், பதிவேட்டில் என்ன எழுதுவது அம்மா?"

"'துக்கம் முடிந்தது' என்று எழுது."

"உடையாவிட்டால்?"

"அப்போதும் அதையே எழுது."